பையன்கள் ஷூ, சைஸ் ஐந்து

ஜூன் 3

வெட்டுக்கிளிக்கு,

அண்ணன் எழுதுகிறேன். போன் செய்தால் நீ எடுக்க மாட்டாய். "கடுதாசி போடுங்க. போன்னா கட் பண்ணிடுவா, கடுதாசிய அவ்வளவு சுலபமா கீழ வைக்க முடியாது" என்று உன் அண்ணி சொன்னாள். பதினெட்டு வருடமாகத் தபால் அலுவலகத்தில் முத்திரை குத்துகிறவள் சொன்னால் சரியாகத்தான் இருக்கும்.

மைதானத்தில் நாம் சண்டை போட்டு இரண்டு வருடம் ஆகிறது. அதைப் பற்றி எழுதப் போவதில்லை. ஒரு வேலையாகத்தான் எழுதுகிறேன்.

என் கால்பந்து டீமின் கேப்டன் போன சனிக்கிழமை விழுந்துவிட்டாள். தலையால் பந்தை முட்ட எம்பினாள், இறங்கினாள், அப்படியே சுருண்டாள். பக்கத்தில் ஒருத்தரும் இல்லை. "சார், உள்ள பட்டுனு சத்தம் கேட்டுச்சு" என்றாள். முட்டி ஜவ்வு அறுந்துபோயிருக்கிறது. இந்த வருடத்தில் இது மூன்றாவது முட்டி. பக்கத்து மைதானத்துப் பையன்களுக்கு ஒன்றுகூட இல்லை. கண் பட்டுவிட்டது போலிருக்கிறது.

நீ ஆஸ்பத்திரியில் பதினைந்து வருடமாக முட்டிகளோடுதான் குடும்பம் நடத்துகிறாய். ஆபரேஷனுக்குப் பிறகு அவளுக்கு என்ன பயிற்சி கொடுக்கலாம் என்று ஒரு தாளில் எழுதி அனுப்பு. அக்டோபரில் லீக். அவள் இல்லாமல் முடியாது.

பெண் பிள்ளைகள் என்று நான் ஒரு நாளும் குறைத்து நடத்தியதில்லை. பையன்களுக்கு எத்தனை ரவுண்டோ இவர்களுக்கும் அத்தனை ரவுண்டு. தூக்குவதற்கு அதே எடை, அதே அட்டவணை, அதே ஷூ. அதில் எனக்குப் பெருமைதான்.

என் மகள், நம்ம வாலுக்குப் பதினாறு முடிந்தது. அவளும் டீமில்தான், ஓரத்தில் விங்கில் ஆடுகிறாள். ஐந்து கிலோ குறைத்துவிட்டாள், இப்போது காற்று மாதிரி பறக்கிறாள். பார்த்தால் அந்த வயதில் உன்னைப் பார்த்த மாதிரியே இருக்கிறது. முன்காலில் கொஞ்சம் எலும்பு வலி என்கிறாள். ஐஸ் வைத்தால் சரியாகிவிடும்.

அண்ணன்

ஜூன் 11

அண்ணா,

கேட்ட தாள் இதோடு இருக்கிறது. கேப்டன் அக்டோபரில் ஆட மாட்டாள். அடுத்த வருடம் இந்நேரம் ஆடலாம், அதுவும் அவசரப்படுத்தாவிட்டால்.

கண் எல்லாம் படவில்லை. எம்பி, திரும்பி, சட்டென நிற்கிற விளையாட்டுகளில் பெண்களுக்கு இந்த ஜவ்வு ஆண்களைவிட இரண்டு மூன்று மடங்கு அதிகமாக அறுகிறது. காரணம் ஒன்று மட்டும் இல்லை, முழுக்கத் தெரியவும் தெரியாது. இடுப்பு அகலம், அதனால் தொடை எலும்பு உள்பக்கம் சரிவது, இறங்கும்போது முட்டி மடங்காமல் உள்ளே சாய்வது, பின்தொடையில் பலம் போதாமல் இருப்பது, எல்லாம் சேர்ந்து வேலை செய்கின்றன. உன் டீமை ஒரு நாள் பெஞ்சிலிருந்து குதித்து இறங்கச் சொல். முன்னால் நின்று பார். எத்தனை பேருக்கு இரண்டு முட்டியும் ஒன்றையொன்று முத்தமிடப் போகின்றன என்று எண்ணி எழுது.

இதைத் தடுக்கப் பயிற்சி இருக்கிறது. ஆட்டத்துக்கு முன் இருபது நிமிடம். ஒழுங்காகச் செய்த டீம்களில், அறுந்திருக்க வேண்டிய முட்டிகளில் பாதி தப்பித்திருக்கின்றன. அதையும் எழுதியிருக்கிறேன்.

அதே ஷூ என்று பெருமையாக எழுதியிருக்கிறாய். இரண்டு வருடத்துக்கு முன் நான் மைதானத்துக்கு வந்தபோது ஷூ அறையில் பெட்டிகளைப் பார்த்தேன். பையன்கள் ஷூ, சைஸ் ஐந்து. உன் கோல்கீப்பர் இரண்டு சாக்ஸ் போட்டுக்கொண்டு கட்டிக்கொண்டிருந்தாள். பெண்களின் குதிகால் ஒடுக்கம், அண்ணா. உள்ளே கால் ஆடினால் மேலே முட்டி ஆடும். அன்று அதைத்தான் சொல்ல வந்தேன்.

ஒரே ஒரு கேள்வி. வாலுக்குக் கடைசியாகப் பீரியட்ஸ் எப்போது வந்தது? நீ கேட்க மாட்டாய். அண்ணியைக் கேட்கச் சொல்.

ஜூன் 18

வெட்டுக்கிளிக்கு,

தாளுக்கு நன்றி. கேப்டனின் அம்மாவிடம் கொடுத்துவிட்டேன்.

நீ மாறவே இல்லை. எங்கே தொட்டாலும் உடம்பு, உடம்பு, உடம்பு. உனக்கு ஒரு விஷயம் தெரியாது. ஏழு வருடத்துக்கு முன்னால் இந்த டீம் ஆரம்பித்தபோது கிளப் செயலாளர் என்ன சொன்னார் தெரியுமா? "பொண்ணுங்க உடம்பு தாங்காது மாஸ்டர். அரை மணி நேரம் ஆடிட்டு வீட்டுக்குப் போகட்டும், பாவம்." அந்தப் 'பாவம்' என்ற சொல்லோடுதான் நான் ஏழு வருடம் மல்லுக்கட்டினேன். பையன்கள் செய்வதையெல்லாம் செய்ய வைத்துக் காட்டித்தான் மைதானத்தில் பாதி நேரம் வாங்கினேன். இப்போது நீயும் வந்து உடம்பு வேறு என்றால், அவர் கையில் நாமே கத்தியை எடுத்துக் கொடுத்த கதை ஆகும்.

அன்றைக்கு என் பிள்ளைகள் இருபது பேர் நிற்கும்போது, "நீ பொண்ணுங்களுக்குச் சொல்லிக்கொடுக்கல. சின்ன சைஸ் ஆம்பளைங்களத் தயார் பண்றே" என்று கத்தினாய். நான் பதிலுக்கு, "உன்னால ஓட முடியாமப் போச்சுன்னா அந்த எரிச்சல இங்க வந்து கொட்டாதே" என்றேன். சொன்னது தப்பு. ஆனால் பொய் என்று எனக்குத் தோன்றவில்லை. நீ தோற்கப் பிடிக்காமல்தான் ஓட்டத்தை விட்டாய் என்று இன்றும் நினைக்கிறேன்.

நீ கேட்ட கேள்வியை உன் அண்ணியிடம் சொல்லவில்லை. எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. நான் அப்பன். வாலு நன்றாகத்தான் இருக்கிறாள். வலி மட்டும் இன்னும் போகவில்லை.

அண்ணன்

ஜூன் 24

அண்ணா,

இதை எழுதி முடித்ததும் அண்ணிக்குப் போன் செய்யப் போகிறேன். இந்தக் கடிதம் உன் கைக்கு வருவதற்குள் அவள் வாலிடம் கேட்டிருப்பாள். உன் தலைக்கு மேல் போய் இப்படிச் செய்கிறேன். அதற்காக நீ இன்னும் இரண்டு வருடம் பேசாமல் இருந்தாலும் சரி.

நான் ஏன் ஓட்டத்தை விட்டேன் என்று நீ ஒரு தடவைகூடக் கேட்டதில்லை. முடிவை மட்டும் சொல்லிக்கொண்டிருக்கிறாய். கேட்காமலே சொல்கிறேன்.

எனக்குப் பதினொன்று, உனக்குப் பன்னிரண்டு. பள்ளிக்கூட கேட்டிலிருந்து வீட்டு வாசல் வரை தினமும் பந்தயம். அந்த வருடம் முழுக்க நான்தான் ஜெயித்தேன். நீ செருப்பு அறுந்தது, பை கனம், நாய் குறுக்கே வந்தது என்று தினம் ஒன்று சொல்வாய். மூன்று வருடம் கழித்து நீ என்னைத் தாண்டிப் போனாய். கொஞ்சமாக இல்லை. நான் வாசலுக்கு வரும்போது நீ தண்ணீர் குடித்து முடித்திருப்பாய். எனக்குச் சோம்பல் வந்துவிட்டது என்று நினைத்தேன். நமக்கு ஓட்டம் சொல்லிக்கொடுத்த மாஸ்டரும் அதைத்தான் சொன்னார்.

அந்த மூன்று வருடத்தில் உன் உடம்புக்கு ஒரு லாரி சாமான் வந்து இறங்கியிருந்தது. நீண்ட எலும்பு, பெரிய இதயம், கெட்டியான தசை, மூச்சுக் காற்றைத் தூக்கிக்கொண்டு போக ரத்தத்தில் கூடுதல் சிவப்பு. எனக்கும் வந்தது, வேறு லாரி. நன்றாகப் பயிற்சி பெற்ற ஆணுக்கும் நன்றாகப் பயிற்சி பெற்ற பெண்ணுக்கும் ஓட்டத்தில் நூற்றுக்குப் பத்து, பன்னிரண்டு வித்தியாசம் இருக்கும். இதை நான் படித்துத் தெரிந்துகொண்டபோது எனக்கு இருபத்தைந்து வயது. பதினாலு வயதில் யாராவது ஒருத்தர் சொல்லியிருந்தால் உன் முதுகைத் துரத்தியே என் காலத்தைக் கழித்திருக்க மாட்டேன். என் வயதுப் பெண்களில் அப்போது என்னை ஜெயிக்க ஆளே இல்லை. அது எனக்கு ஒரு பொருட்டாகவே படவில்லை, பார்.

மாஸ்டர் "இன்னும் லேசாகணும்" என்றார். உனக்கும் அதையே சொன்னார். நீ லேசாகி வேகமாக ஓடினாய். நான் லேசானேன், பதினேழு வயதில் பீரியட்ஸ் நின்றது. அவரிடம் கூச்சப்பட்டுக்கொண்டு சொன்னேன். "நல்லதாப் போச்சு, ஒரு தொல்லை விட்டுது" என்றார். இரண்டு வருடம் வரவில்லை. அது நிற்கும்போது எலும்பைக் கெட்டியாக வைக்கிற ஹார்மோனும் குறைந்துவிடும் என்று அவருக்குத் தெரியாது, எனக்கும் தெரியாது. பத்தொன்பதில் முன்கால் எலும்பில் கீறல். ஆறு மாதத்தில் பாதத்தில் ஒன்று. அடுத்தது இடுப்புக்குக் கீழே. மூன்றாவதோடு விட்டேன். இருபத்து நான்கில் எலும்பை அளந்து பார்த்தார்கள். அறுபது வயதுக்காரியின் எலும்பு என்றார்கள். அந்த ரிப்போர்ட்டை நான் அம்மாவுக்குக்கூடக் காட்டவில்லை.

உன் பெண்ணுக்கு முன்கால் எலும்பில் வலி. ஐந்து கிலோ குறைந்திருக்கிறாள். என்னை மாதிரியே இருக்கிறாள் என்று நீயே சந்தோஷமாக எழுதியிருக்கிறாய்.

செயலாளரைப் பற்றி எழுதியிருந்தாய். அவர் ஆட்டத்தைக் குறைக்கச் சொல்கிறார். நான் பயிற்சியைக் கூட்டச் சொல்கிறேன், சாப்பாட்டைக் கூட்டச் சொல்கிறேன். எங்கள் இருவரையும் ஒரே தட்டில் வைக்காதே.

ஜூலை 2

வெட்டுக்கிளிக்கு,

உன் அண்ணி போனை வைத்ததும் நேரே வாலின் அறைக்குப் போனாள். நான் கூடத்தில் நாளிதழைத் தலைகீழாகப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். கதவு திறந்துதான் இருந்தது.

"ஆறு மாசமா வரலம்மா."

"ஏண்டி சொல்லல?"

"நல்லதுதானேன்னு நெனச்சேன். மேட்ச் அன்னிக்குத் தொந்தரவு இல்ல. கேப்டனுக்கும் நாலு மாசமா வரல. வெயிட் குறைஞ்சா அப்படித்தான்னு எல்லாரும் பேசிக்குவோம். அப்பாதான் வெயிட் குறையக் குறைய ஸ்டார் ஒட்டுறாரே."

ஆமாம். ஷூ அறைச் சுவரில் ஒரு சார்ட் இருந்தது. இருபது பேர், வாரா வாரம் எடை. குறைந்தால் தங்க நிற ஸ்டார். என் பெண்ணுக்குத்தான் அதிகம். இப்போது இல்லை. கிழித்து எடுத்தேன். அதோடு சுவர்ச் சுண்ணாம்பும் பெயர்ந்து வந்துவிட்டது.

மறுநாள் ஆஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். படத்தில் முன்கால் எலும்பில் தலைமுடி கிடக்கிற மாதிரி ஒரு கோடு. "இன்னும் ரெண்டு வாரம் ஓடியிருந்தா ரெண்டா போயிருக்கும்" என்றார் டாக்டர். ரத்தத்தில் இரும்பும் இல்லை. குறைந்தது பத்து வாரம் ஓடக் கூடாது, அதற்குப் பிறகும் சில மாதம் மேட்ச் ஆடக் கூடாது. லீக் போச்சு. வாலு என்னோடு பேசுவதில்லை. சார்ட்டுக்காக இல்லை, லீக்குக்காக. அதுதான் எனக்குப் பயமாக இருக்கிறது.

நேற்று டீமைப் பெஞ்சிலிருந்து குதிக்கச் சொன்னேன். முன்னால் நின்று பார்த்தேன். பதினெட்டுப் பேரில் பதிமூன்று பேருக்கு முட்டி உள்ளே போகிறது. ஏழு வருடமாகப் பக்கவாட்டில் நின்று விசிலடித்துக்கொண்டிருந்திருக்கிறேன்.

நாம் இருவரும் ஓடிக்கொண்டிருந்த காலத்தில் ஒரு நாள், போட்டி முடிந்து பஸ்ஸில் வந்துகொண்டிருந்தோம். நீ ஜன்னல் பக்கம். "எலும்பு வலிக்குதுண்ணா" என்றாய். "எல்லாருக்கும்தான் வலிக்கும், பேசாம வா" என்றேன். நீ பேசாமல் வந்தாய். உன் கடிதம் படித்ததிலிருந்து அந்த பஸ்தான் ஓடிக்கொண்டிருக்கிறது.

இதற்கு மேல் எழுதியதை நாலு தடவை கிழித்துவிட்டேன். பயிற்சியாளர் வேலையை விட்டுவிடலாம் என்று இருக்கிறேன்.

அண்ணன்

ஜூலை 9

அண்ணா,

வேலையை விடுவது நல்ல யோசனைதான். உன் இடத்துக்குச் செயலாளர் ஒரு ஆளைக் கொண்டுவருவார், அவரும் சுவரில் சார்ட் ஒட்டுவார். பதிமூன்று முட்டிகளை எண்ணிய ஆள் நீ ஒருவன்தான் இருக்கிறாய். பேசாமல் வேலையைப் பார்.

கேப்டனுக்கும் நின்றிருக்கிறது என்றால் மற்றவர்களையும் கேட்க வேண்டும். நீ கேட்காதே, அண்ணி கேட்கட்டும். அவளிடம் எல்லாரும் சொல்வார்கள். காலையில் வெறும் வயிற்றோடு ஓட விடாதே. முட்டை, பால், பருப்பு, வீட்டில் எது உண்டோ அது. ஆட்டம் முடிந்த அரை மணிக்குள் எதையாவது தின்ன வை. எடை மெஷினைத் தூக்கி நீ ஏறிப் பார்த்துக்கொள், உனக்குத்தான் தேவை.

உள்ளே ஒட்டிய ஒரு உறை இருக்கிறது. அது வாலுக்கு. நீ பிரிக்காதே. என் எலும்பு ரிப்போர்ட்டின் நகலை வைத்திருக்கிறேன். அதைப் பார்த்தபின் அவள் உன்னோடு பேசாவிட்டாலும் என்னோடு பேசுவாள்.

அந்த பஸ் எனக்கும் நினைவிருக்கிறது. உனக்கு அப்போது இருபது வயது. மாஸ்டர் உன் காதில் ஊதியதை நீ என் காதில் ஊதினாய். இது எனக்கு ரொம்ப நாளாகவே தெரியும். ஒத்துக்கொள்ளப் பிடிக்கவில்லை. அவர் செத்துப்போய்விட்டார். கோபப்பட நீ ஒருவன்தான் கைக்கு வசதியாக இருந்தாய்.

ஷூ வாங்கினாயா?

அக்டோபர் 21

வெட்டுக்கிளிக்கு,

மூன்று மாதமாக வாலும் நீயும் தினம் போனில் குசுகுசுவென்று பேசுகிறீர்கள். எனக்கு மட்டும் கடிதம். இருக்கட்டும். எல்லாவற்றையும் வரிசையாகச் சொல்கிறேன்.

ஷூ வாங்கினேன். பெண்களுக்கென்று செய்த ஷூ வைத்திருக்கிற கடையைக் கண்டுபிடிக்கவே மூன்று வாரம் அலைந்தேன். கோல்கீப்பர் போட்டுக்கொண்டு கோல் போஸ்ட்டுக்கும் மதில் சுவருக்கும் நாலு தடவை நடந்தாள். "சார், இத்தனை நாளா ஷூன்னா அப்படித்தான் இருக்கும்னு நெனச்சிட்டிருந்தேன்" என்றாள்.

இருபது நிமிடப் பயிற்சியை முதல் நாள் செய்தபோது செயலாளர் வந்து நின்றார். "என்ன மாஸ்டர், பொண்ணுங்களுக்குன்னு தனி டான்ஸா? நான் அப்பவே சொன்னேன்ல, உடம்பு தாங்காதுன்னு." நான் கோபப்படவில்லை. பக்கத்து மைதானத்துப் பெரிய பையன்களின் பழைய ஷூ ஒரு ஜோடியை எடுத்துக் கொடுத்தேன். "உங்க சைஸ் எட்டு. இது பத்து. போட்டுக்கிட்டு ஒரு ரவுண்டு ஓடுங்க சார். விழுந்தீங்கன்னா உங்க உடம்பு தாங்கலன்னு எழுதிக்கிறேன்." பிள்ளைகள் சிரித்த சிரிப்பில் அவர் ஓடவில்லை. ஆனால் முழுப் பயிற்சியையும் நின்று பார்த்தார். கடைசியில் போகும்போது, "அந்த ஒத்தக்கால்ல நின்னு குனியறது, என் மகளும் செய்யலாமா? அவ பூப்பந்து ஆடுறா" என்று கேட்டார்.

உன் அண்ணி எல்லாரிடமும் கேட்டாள். வாலையும் கேப்டனையும் தவிர இன்னும் மூன்று பேர். ஐந்து பேருமே இப்போது டாக்டரிடம் காட்டுகிறார்கள்.

லீக்கில் அரையிறுதியில் தோற்றோம். ஒன்றுக்கு மூன்று. வாலு இருந்திருந்தால் ஜெயித்திருப்போமா, தெரியவில்லை. அவள் பெஞ்சில் உட்கார்ந்து ஒவ்வொருத்தியும் எம்பி இறங்குவதைப் பார்த்து நோட்டில் குறித்துக்கொண்டிருந்தாள். ஐந்து ஆட்டத்தில் ஒரு முட்டியும் போகவில்லை. இது என் திறமை என்று சொல்ல மாட்டேன், அதிர்ஷ்டமாகவும் இருக்கலாம். அடுத்த வருடமும் எண்ணிப் பார்த்துச் சொல்கிறேன்.

இனி முக்கியமான சேதி. போன ஞாயிற்றுக்கிழமை செயலாளரும் இரண்டு கமிட்டிக்காரர்களும் வீட்டுக்கு வந்திருந்தார்கள். கூடத்தில் டீ குடித்துக்கொண்டிருந்தோம். திடீரென்று குளியலறைக் கதவு படாரென்று திறந்தது. "அப்பா! வந்துடுச்சுப்பா!" என்று வீடே அதிர ஒரு கத்தல். கமிட்டிக்காரர் ஒருவர் வாசலைப் பார்த்தார், யாரோ விருந்தாளி வந்துவிட்டார் என்று. நான் என்ன செய்தேன் தெரியுமா? எழுந்து நின்று இரண்டு கையையும் தூக்கி, கோல் போட்ட மாதிரி கத்தினேன். டீ கவிழ்ந்தது. உன் அண்ணி சமையலறையில் அழுதாள். செயலாளர் ஒன்றும் புரியாமல் கைதட்டினார்.

இந்த வருடம் ஜூனில் உன் கேள்வியை வீட்டில் வாய்விட்டுச் சொல்ல முடியாமல் மடித்துச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு திரிந்தவன் நான்தான்.

ஐந்தாவது தடவையாக எழுதுகிறேன், இதைக் கிழிக்கப் போவதில்லை. நீ வலிக்கிறது என்று சொன்னபோது நான் திரும்பிப் பார்த்திருக்க வேண்டும். நீ தோற்கப் பயந்து விட்டாய் என்று இருபது வருடம் ஊரெல்லாம் சொல்லித் திரிந்திருக்கிறேன். அது பொய். ஒவ்வொருத்தரிடமும் போய் மாற்றிச் சொல்லிக்கொண்டு வருகிறேன். பாதிப் பேருக்கு யார், என்ன என்று நினைவே இல்லை. இருந்தாலும் சொல்கிறேன்.

அண்ணன்

நவம்பர் 2

அண்ணா,

உன் கடிதத்தை ஆஸ்பத்திரிப் படிக்கட்டில் உட்கார்ந்து படித்தேன். கையைத் தூக்கிக் கத்தினாய் என்ற இடத்தில் நான் சிரித்த சத்தம் கேட்டு வார்டிலிருந்து நர்ஸ் எட்டிப் பார்த்தாள்.

உன்னை மன்னித்துவிட்டேன். முழுசாக இல்லை. கொஞ்சம் மிச்சம் வைத்திருக்கிறேன். வயதான காலத்தில் சண்டை போட நமக்கும் ஏதாவது வேண்டுமே. போன் செய், எடுக்கிறேன்.

போன மாதம் என் எலும்பை மறுபடி அளந்தார்கள். பத்து வருடமாக எடை தூக்கியதில் கொஞ்சம் தேறியிருக்கிறது. "மெதுவா ஓடலாம், ஆசை இருந்தா" என்றார் டாக்டர். ஆசை எல்லாம் இல்லை என்று சொல்லிவிட்டு வந்தேன். மறுநாளே ஷூ வாங்கினேன்.

இன்று காலை ஆற்றோரப் பாதையில் ஓடினேன். வாட்ச் கட்டவில்லை. பத்தொன்பது வருடத்துக்குப் பிறகு. முதல் ஐந்து நிமிடம் அழுகை வந்தது, அப்புறம் மூச்சு வாங்கியதில் அழ முடியவில்லை. ஓட்டம் என்று மரியாதைக்குச் சொல்கிறேன். நடக்கிறவர்கள் எல்லாம் வழிவிட்டார்கள், இரக்கப்பட்டு.

பாலத்துக்குப் பக்கத்தில் பின்னாலிருந்து ஒரு பெரியவர் வந்தார். எழுபது இருக்கும். கையில் கயிறு, கயிற்றில் ஒரு கொழுத்த நாய். இரண்டு பேரும் என்னைத் தாண்டிப் போனார்கள். போகும்போது அவர், "மெதுவா வாங்கம்மா" என்றார்.

அண்ணா, எனக்கு வந்த கோபம் இருக்கிறதே! உச்சந்தலை வரை ஏறியது. இந்த ஆளை எப்படித் தாண்டுவது, வளைவுக்கு முன்னாலா, பின்னாலா என்று கணக்குப் போட ஆரம்பித்துவிட்டேன்.

வளைவுக்குப் பின்னால் தாண்டினேன். நாயை மட்டும்.

வெட்டுக்கிளி